பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு கம்பு

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குப் பக்கத்தில் ஹேவர்டு என்று ஓர் ஊர். ஜனத்தொகை 2,500 சொச்சம். நம் பக்கத்துப் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கே அதைவிட ஜாஸ்தி இலை விழும். அந்த ஊரில் 143 அடி நீளத்துக்கு, நாலரை மாடி உயரத்துக்கு ஒரு மீன் இருக்கிறது. ஃபைபர்கிளாஸில் செய்தது. உள்ளே படியேறிப் போய் அதன் வாய்க்குள் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கலாம். அந்த வாய்க்குள் நின்று கல்யாணம் பண்ணிக் கொண்டவர்களும் உண்டாம். எதற்குள் தலையைக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்த தைரியசாலிகள்!

அந்த மீனின் பெயர் மஸ்கி. முழுப் பெயர் மஸ்கலஞ்ச். ஓஜிப்வே பழங்குடியினரின் சொல் ஒன்று வெள்ளைக்காரர்கள் நாக்கில் புரண்டு புரண்டு இப்படி ஆகிவிட்டது. 1955 முதல் விஸ்கான்சினின் மாநில மீன் இதுதான். நீளமான உடம்பு, முதலை மாதிரி வாய், வாய் கொள்ளாத பற்கள். சின்ன மீன்கள்தான் தினசரிச் சாப்பாடு. வாத்துக் குஞ்சு மாட்டினால் அன்றைக்கு விருந்து. இதற்கு ஒரு பட்டப் பெயரும் உண்டு: 'பத்தாயிரம் வீச்சு மீன்.' பத்தாயிரம் தடவை தூண்டிலை வீசினால் ஒன்று சிக்குமாம்.

மின்னியாபொலிஸில் இருக்கும் என் காலேஜ் சிநேகிதனுக்கு இந்த மீன் பைத்தியம் பிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. "ஹேவர்டுக்குப் போய் நல்லதா ஒரு தூண்டில் கம்பு வாங்கணும்டா, கூட வா" என்றான். இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். செப்டம்பர் கடைசி, வழி நெடுக மேப்பிள் மரங்கள் மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு நின்றன. பின் சீட்டிலிருந்து அவன் மனைவி சொன்னாள்: "அண்ணா, வீட்ல ஒட்டடைக் கம்பை எடுக்கச் சொன்னா இவருக்குத் தோள்பட்டை வலிக்கும். இதுக்கு மட்டும் வலிக்காது, கேளுங்க!"

அந்தத் தோள்பட்டைதான் விஷயமே என்பது கடைக்குள் போனதும் புரிந்தது.

கடையில் ஒரு சுவர் முழுக்கப் பொய் இரைகள், கருவாட்டுக் கடை மாதிரி தொங்கின. ஒவ்வொன்றும் நாம் குழம்பு வைக்கிற மீன் சைஸ். 'மாக்னம் புல்டாக்' என்று ஒரு ரப்பர் மீன், சுமார் 8 அவுன்ஸ். அதாவது கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு 'பவுண்டர்' என்று ஓர் அண்ணன், பெயருக்கேற்றபடி ஒரு பவுண்டு. அரை கிலோ கத்தரிக்காயைக் கயிற்றில் கட்டி வீசுவதற்குச் சமம்! சாதாரண பாஸ் மீன் பிடிக்கிற கம்பு ஒரு அவுன்ஸ் வரை வீசினால் பெரிய விஷயம். அதில் இதைக் கட்டி வீசினால் மீனுக்கு முன்னால் கம்புதான் செத்துப் போகும்.

கடைப் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கம்பைக் காட்டாமல் சிநேகிதனை மூன்று கேள்வி கேட்டார். "எதை வீசப் போறீங்க? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? உங்க உயரம் என்ன?"

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரி இருந்தது. விசாரிக்க வேண்டியதுதான். கம்பின் அடிப்பக்கத்தில் அதன் ஜாதகமே பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. நீளம் எட்டரை அடி, பலம் எக்ஸ்ட்ரா ஹெவி, இரை 3 முதல் 10 அவுன்ஸ், நூல் 65 முதல் 100 பவுண்டு என்கிற ரீதியில். இதில் முதலில் பார்க்க வேண்டியது இரையின் எடை. கம்பு என்பது ஒரு வில். பின்னால் கொண்டு போகும்போது இரையின் கனத்தில் வளைந்து, முன்னால் வரும்போது நிமிர்ந்து எறிகிறது. இரை லேசாக இருந்தால் கம்பு வளையாது, வீச்சு போகாது. கனம் ஜாஸ்தியானால் வளைந்தது நிமிர மறுக்கும். கை முழு பாரத்தையும் சுமக்கும். அடிக்கடி வீசப் போகும் எடை, எழுதியிருக்கும் இரண்டு எண்களுக்கும் நடுவில் விழ வேண்டும். அதுதான் பொருத்தம்.

சிநேகிதன் இருப்பதிலேயே தடியான கம்பில் கை வைத்தான். "பவுண்டரையும் வீசலாமே!" என்றான். பெரியவர் சிரித்தார். "வருஷத்துக்கு எத்தனை நாள் அதை வீசுவீங்க?" "ரெண்டு நாள்." "மிச்ச நாளெல்லாம் யார் அந்தக் கம்பைச் சுமக்கறது?"

எடை மட்டும் பார்த்தாலும் போதாதாம். 'பக்டெயில்' என்று ஒரு ரகம். இரண்டு பெரிய தகடுகள் சுழலும். எடை பார்த்தால் சாதுதான். ஆனால் தண்ணீரில் இழுக்கும்போது வாளியைக் கிணற்றிலிருந்து இழுக்கிற மாதிரி கனக்கும். அதற்கு நீளமான கம்பும், அக்குளில் இடுக்கிக் கொள்ள நீளமான பிடியும், நிதானமாகச் சுற்றுகிற ரீலும் வேண்டும். மரக்கட்டை இரைகள் வேறு ஜாதி. கம்பைக் கீழ்நோக்கி வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். அதற்கு நீளக் கம்பு ஆகாது. குள்ளமானவர் தாழ்வான படகில் நின்றால் நுனி தண்ணீரில் அடிக்கும். உயரம் கேட்டதன் சூட்சுமம் இதுதான். சிநேகிதன் ஐந்தடி நாலு அங்குலம்.

சரி, எட்டரை அடி, ஒன்பது அடி என்று ஏன் இத்தனை நீளம்? தூரமாக வீச மட்டும் இல்லை. மஸ்கிக்கு ஒரு குணம். இரையைத் தொடர்ந்து படகு வரைக்கும் வரும், கடிக்காது. வாசல் வரை வந்துவிட்டு, "இருக்கட்டும், அப்புறம் வரேன்" என்று திரும்புகிற விருந்தாளி மாதிரி. அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இரையை வெளியே எடுக்காமல், கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, படகின் ஓரத்திலேயே எட்டுப் போட வேண்டும். ஆமாம், ஆர்.டி.ஓ. ஆபீஸில் போடுகிற அதே எட்டு! வளைவு அகலமாக இருந்தால்தான் நாலடி மீன் திரும்பிக் கடிக்க முடியும். குட்டைக் கம்பில் எட்டுப் போட்டால் மீனுக்கு லைசென்ஸ் கிடைக்காது.

அந்தக் காலத்தில் ஐந்தரை, ஆறு அடிக் கம்புகள்தான். துடைப்பக் கட்டை மாதிரி விறைப்பு. அன்றைக்கு மஸ்கி பிடித்தால் கொன்று, எடை போட்டு, பாடம் செய்து சுவரில் மாட்டினார்கள். படகருகே வந்த மீனைத் துப்பாக்கியால் சுட்டவர்களும் உண்டு. 1949 ஜூலையில் இந்த வட்டாரத்து லாக் கூர்ட் ஓரே ஏரியில் கால் ஜான்சன் என்பவர் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீன் பிடித்தார். அதே வருஷம் அக்டோபரில், பக்கத்திலுள்ள சிப்பெவா நீர்த்தேக்கத்தில் லூயி ஸ்ப்ரே என்பவர் 69 பவுண்டு 11 அவுன்ஸ் பிடித்ததாக அறிவித்தார். உலக சாதனை எது என்பதில் ஒரு சங்கம் ஜான்சன் பக்கம், நம் ஃபைபர்கிளாஸ் மீன்காரர்கள் ஸ்ப்ரே பக்கம். பங்காளிச் சண்டை மாதிரி இன்னும் தீரவில்லை.

இன்றைக்கு மஸ்கி பிடிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் மீனைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். ஐம்பது அங்குலம் வளர ஒரு மஸ்கிக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம். பிள்ளை பத்தாவது முடிக்கிற காலம்! இங்கேதான் கம்பு முக்கியமாகிறது. நோஞ்சான் கம்பில் அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டினால் மீன் களைத்துப் போகும். நீந்திப் போவது போலத் தெரியும். பிறகு அடியில் போய்ச் செத்துவிடும். தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விவரம் தெரிந்தவர்கள் மஸ்கி பக்கமே போவதில்லை. கம்பில் முதுகெலும்பு பலமாக இருந்தால் சில நிமிஷத்தில் மீனைக் கொண்டு வந்துவிடலாம். நுனியில் மட்டும் கொஞ்சம் இளக்கம் வேண்டும். பின்னல் நூல் இழுபடாது. கடைசி நிமிஷத் துள்ளலை நுனிதான் வாங்கிக் கொள்ளும். இல்லாவிட்டால் முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தது. நிமிஷத்துக்கு ஒரு வீச்சு, எட்டு மணி நேரத்துக்கு 480. கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்றாலும், ஒரு நாளில் 108 கிலோவைத் தூக்கி எறிகிறோம்! பத்தாயிரம் வீச்சுக்கு இருபத்தொரு நாள். அப்படியானால் இருபதாவது நாளும் தோள் வலிக்காமல் வீச முடிகிற கம்புதான் உசத்தி. பெரியவர் ரீலைப் பொருத்திக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நுனி கனத்துக் கீழே இழுத்தால் வேண்டாம் என்றார். கடைசியில் எட்டடி ஆறு அங்குலம், 3 முதல் 10 அவுன்ஸ் என்று முடிவாயிற்று. அதிலேயே தள்ளிச் சுருக்குகிற மாதிரி ஒன்று. சுருக்கினால் படகின் பெட்டிக்குள் அடங்கும், காருக்குள்ளும்.

மறுநாள் சிப்பெவா நீர்த்தேக்கம். 15,300 ஏக்கர், இருநூறு தீவுகள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் 1923-ல் அணை கட்டியபோது ஓஜிப்வே மக்களின் ஒரு கிராமமும், கல்லறைகளும், அவர்கள் அறுவடை செய்த காட்டரிசி வயல்களும் இந்தத் தண்ணீருக்கடியில் போயின. அன்று மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் உள்ளே நிற்கின்றன. இரை அதில் மாட்டும்போதெல்லாம் அந்த ஞாபகம் வராமல் இருக்காது. சில தீவுகள் தரையோடு ஒட்டாமல் மிதப்பவை. 2022-ல் அப்படி ஒன்று பாலத்தின் வழியை மறிக்க, ஊர் மோட்டார் படகுகளெல்லாம் சேர்ந்து தள்ளி நகர்த்தின. தேர் தள்ளுகிற மாதிரிதான்!

சாயங்காலம் வரை நாங்கள் வீசியதில் ஒரே ஒரு மஸ்கி படகு வரை வந்தது. எட்டுப் போட்டான் சிநேகிதன். அது ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்விட்டது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு படகு. அதில் பாட்டி என்று சொல்லத்தக்க ஓர் அம்மாள், தன்னைவிட உயரமான ஒன்பதடிக் கம்போடு எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் தண்ணீர் வெடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. இரண்டு, மூன்று நிமிஷம்தான். மீன் வலைக்குள். கணவர் கம்பி வெட்டுகிற கட்டரால் முள்ளைத் துண்டித்தார். மீன் தண்ணீரைவிட்டு வெளியே வந்ததே அளவெடுக்கிற சில விநாடிதான். அம்மாள் வாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் நிமிர்த்தி வைத்திருந்தார். அது தானாக ஓர் உதை விட்டுக் கிளம்பியதும் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொண்டு அடுத்த வீச்சுக்குத் தயாரானார்.

"பாத்தீங்களா, அவங்களுக்குத் தோள் வலிக்கலை" என்றாள் சிநேகிதனின் மனைவி.

"கம்பு அப்படி" என்றான் அவன்.