வடக்கே சூலம், கையில் புரூஃப்!

புதன்கிழமை வடக்கே சூலம். பரிகாரம்: பால். வருஷா வருஷம் நான் புரூஃப் பார்த்து அனுப்புகிற தினசரி காலண்டர் சொல்கிற சங்கதி இது. எங்கள் தாயில்பட்டிக்குக் கொடைக்கானல் வடக்கே இருக்கிறது. நாங்கள் கிளம்பியதோ புதன்கிழமை!

"ஊருக்கெல்லாம் சூலம் பார்த்துச் சொல்றீங்க, நம்ம கிளம்புற அன்னைக்குப் பார்க்க மாட்டீங்களா?" என்றாள் வீட்டுக்காரி, பஸ் ஸ்டாப்பில் இரண்டு பைகளோடு நின்றபடி. எதிர் டீக்கடையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு பஸ் ஏறினோம். பரிகாரச் செலவு முப்பது ரூபாய்.

இரண்டு பைகளில் ஒன்றில் ஸ்வெட்டர், மாத்திரை, புளியோதரை. இன்னொன்றில் ஜூலை முதல் டிசம்பர் வரை 184 நாட்கள். அதாவது அடுத்த வருஷ தேதித்தாள்கள். பக்கத்துக்கு நாலு நாள் வீதம் 46 பக்கம்.

விஷயம் இதுதான். சிவகாசியில் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு ஆர்டர் குவியும். எனவே ராகுகாலம், எமகண்டம், திதி, சந்திராஷ்டமம் எல்லாம் அதற்கு முன்பே சரி பார்த்தாக வேண்டும். ஊரெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புகிற மே மாதத்தில்தான் எனக்குக் கழுத்தை நெரிக்கிற வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். "நான் பார்த்த ஒரே மலை சதுரகிரி அடிவாரம்தான். அதுவும் கீழே இருந்து!" என்று அவள் சொல்லிக் காட்டாத கோடை கிடையாது.

போதாததற்குப் போன வருஷம் ஓர் அமாவாசை என் கண்ணில் தப்பி, ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. தர்ப்பணம் கொடுக்க நினைத்தவர்கள் அந்தக் காலண்டரைக் கொடுத்த கடைக்காரரைப் பிடிக்க, அவர் எங்களைப் பிடிக்க, முதலாளி என்னைப் பிடித்தார். அதிகம் திட்டவில்லை. "இந்த வருஷமும் ஒண்ணு விழுந்தா, நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே மலையும் வேண்டும், வேலையும் நடக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை ராஜதானி சர்க்காரே கோடை வந்தால் ஃபைல் மூட்டைகளோடு ஊட்டிக்கு ஏறியது. கொடைக்கானலுக்கு முதலில் வீடு கட்டப் போனவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள். வருஷம் 1845. வெயிலும் காய்ச்சலும் துரத்தி ஏறியவர்கள். 1863-ல் ஏரியை உண்டாக்கிய லெவிஞ்சும் மதுரைக் கலெக்டராக இருந்தவர்தான். கலெக்டர் செய்ததைக் கிளார்க் செய்தால் ஆகாதா?

மதுரை ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கார் இல்லாததில் இப்படியும் ஒரு லாபம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏற, ஜன்னல் காற்று வெந்நீரிலிருந்து பச்சைத் தண்ணீராக மாறியது. பெருமாள்மலைப் பக்கம் வந்ததும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏங்க, ஏசி போட்டிருக்காங்களா?" என்றாள். நிஜமாகவே கேட்டாளா, கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

நாயுடுபுரத்தில் பழக்கமான ஒருவர் வீட்டின் பின்னறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். வியாழக்கிழமை காலையிலேயே கடையைப் பரப்பினோம். அவள் தாளைப் படிப்பாள், நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து "ம்" போடுவேன். அவள் கையில் சிவப்புப் பேனா. கிராமத்துப் பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ஓடியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். மேகம் இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. திடீரென்று ஓர் இடி. பாறையில் முட்டித் திரும்பி வந்த சத்தம், வீடே அதிர்ந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் நாற்காலியில் இல்லை. வாசலில் மழையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையைப் பார்க்கவில்லை, புகை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் இது புரியும். தாயில்பட்டியில் பகலில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டால், அடுப்பில் இருக்கிறது இருக்கட்டும், தெருவே வெளியில் வந்துவிடும். முதலில் புகை எந்தத் திசை என்று பார்ப்போம். அப்புறம் அந்தத் திசையில் எந்த பயராபீஸ், அதில் நம் வீட்டு ஆள் யார் என்று மனசு கணக்குப் போடும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம்... இப்படிச் சில ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே எங்களில் பேச்சு நின்றுவிடும். அதிலும் கோடை மோசம். வெயிலில் மருந்து சூடேறிக் கிடக்கும்போது லேசான உராய்வே போதும். என் மாமியார் இருபது வருஷத்துக்கு மேலாக பயராபீஸ் போகிறவர். அன்றைக்கும் போயிருந்தார்.

"இடி புள்ள. உள்ளே வா" என்றேன்.

"தெரியுது. போனைக் குடுங்க."

மழையில் சிக்னல் இல்லை. அவள் கட்டில் மேல் ஏறி நின்றாள், ஜன்னல் கம்பியை ஒட்டிப் பிடித்தாள், வாசலுக்குப் போனாள். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இடித்த இடிக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எனக்கும் கை சில்லிட்டிருந்தது. குளிரினால் மட்டும் அல்ல.

பத்து நிமிஷம் கழித்து லைன் கிடைத்தது. "என்ன தாயி, இப்பத்தான் கை கழுவிட்டு உக்கார்ந்தேன். இங்கே என்ன, வெயில்தான். நீ ஸ்வெட்டர் போட்டிருக்கியா? மாப்ளை சாப்பிட்டாரா?" போன் ஸ்பீக்கரிலேயே இல்லை, எனக்கும் கேட்டது. பயராபீஸ் ஆட்களுக்குக் குரல் அப்படி.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எதுல விட்டோம்? ஆவணி..." ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி படித்தாள். "வெள்ளிக்கிழமை. ராகுகாலம் 3.00 - 4.30."

"ம்" என்றேன்.

"என்ன 'ம்'? வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு இல்லே? மூணு நாலரை செவ்வாய்க்கிழமையில்ல?"

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். நாலாவது முறை படிக்கப்படுகிற புரூஃப் அது. முந்தின மூன்று முறையும் படித்தவன் நான். ஆவணி முகூர்த்த மாசம். அதை நம்பி எத்தனை வீட்டில் பதினோரு மணிக்குத் தாலி கட்டியிருப்பார்களோ! என் வேலை போவது இருக்கட்டும். அவள் ஒன்றும் பேசாமல் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் திருத்தி எழுதினாள்.

சனிக்கிழமை காலை வானம் பளிச்சென்றிருந்தது. எல்லோரும் ஏரிக்குப் படகு விடப் போக, நான் அவளைச் சூரிய ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். சூரிய உதயம், அஸ்தமனம் என்று போட்டுச் சோறு சாப்பிடுகிறவன், முதலாளியின் முதலாளியைப் பார்க்க வேண்டாமா?

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் சேர்ந்துதான் 1899-ல் இதை இந்த மலையில் அமைத்தார்கள். நூற்றாண்டுக்கு மேலாக, வானம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஒரு தாள். பார்த்தால் நம்ம தொழில்தான்!

1907-ல் இங்கே வேலைக்கு வந்தவர் ஜான் எவர்ஷெட். சூரியப் புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடுகிறது என்று 1909 ஜனவரியில் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதை 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் சொல்கிறார்கள். மனைவி மேரியும் வானியல் படித்தவர். சூரியனின் விளிம்பில் எழும்பும் பிழம்புகளைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1923 வரை இருவருக்கும் இதே மலை.

"பிழம்புன்னா?"

"நம்ம பூச்சட்டி மாதிரி. பூமியை விடப் பெரிய பூச்சட்டி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்தம்மா பேரைப் போட்டாங்களா?"

"போட்டாங்களே. 1917-ல வந்த அறிக்கையில ரெண்டு பேர் பேரும் இருக்கு."

"ம்" என்றாள். என்னுடைய 'ம்' மாதிரி இல்லை; கவனித்துப் போட்ட 'ம்'.

திரும்புகிற வழியில் மலைப்பூண்டு ஒரு கிலோ, சாக்லேட் ஒரு டப்பா. டப்பா மூடியில் கலர் விலகியிருக்கிறதா என்று நான் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்க, கடைக்காரர் முறைத்தார். சிவகாசிக்காரன் புத்தி!

திங்கட்கிழமை முதலாளி மேஜையில் 46 பக்கத்தையும் வைத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் ஆவணியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்க கையெழுத்து இல்லையே?"

"வீட்டுல... கூட உக்கார்ந்து படிச்சாங்க சார்."

மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்புச் சுழியையே பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார்.

"ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் நீங்க தனியாத்தானே பார்த்தீங்க?"

"ஆமா சார்."

"அதையும் ஒருதடவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."