நிலைபேறும் ஊஞ்சலும்

ஒரு பொருளை ஒரு கணம் நோக்கி, "இது நிலைபெறும்" என உலகம் தீர்ப்பளித்து விடுகிறது. காலத்தோடு தன் விதியும் மாறும் இயக்கங்களுக்கு அத்தீர்ப்புப் பொருந்தாது என்பதே நம் கருத்து.

ஊஞ்சற்பலகைமேல் நிற்பவனை நோக்குவோம். அவன் நிமிர்ந்தே நின்றாலும் ஆட்டம் மெல்ல அடங்கும். குந்தியே இருந்தாலும் அடங்கும். ஆனால், பலகை அடியைக் கடக்கையில் நிமிர்ந்து, உச்சியில் குந்துவானாயின், ஆட்டம் வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப்போல் பெருகுகிறது! தாளத்தைத் தலைகீழாக்கின், விரைந்து தேய்கிறது. அடங்கும் நிலைகள் இரண்டு மாறிமாறி வந்து அடங்காமையைப் பெற்றன.

உருசிய அறிஞர் லியாபுனோவ் 1892-ல் இயக்கத்தின் நிலைபேறு குறித்துப் பெருநூல் இயற்றினார். ஜெர்மானியக் கணித அறிஞர் பெரோன் 1930-ல் மற்றொரு கருத்துக்கு வித்திட்டார். அதன்படி, இத்தகைய இயக்கங்கள் பலவற்றில் ஆட்டம் இரு கூறாகப் பிரியும்: ஒன்று மடங்கு மடங்காகத் தேயும், மற்றது மடங்கு மடங்காக வளரும். இதனை மடங்குமுறை இருபிரிவு எனலாம். சிறு இடையூறுகள் இப்பிரிவைக் குலைப்பதில்லை. மார்க்கஸ், யமபே இருவரும் 1960-ல், கணந்தோறும் அடங்குவதாகத் தோன்றும் இயக்கமொன்று எல்லையின்றிப் பெருகுவதைச் சமன்பாட்டாலேயே காட்டினர்.

இரு கூறும் கலந்திருப்பின், வளருங்கூறு எத்துணைச் சிறிதாயினும் இறுதியில் அதுவே ஆளும். சம்பள நாளில் கையிற் காசு கண்டு, ஏறும் கடனை மறக்கும் குடும்பத்தார் இதனை எண்ணுவாராக. இன்றைய அமைதியை வினவுதல் போதாது. உள்ளே வளர்வது எது என வினவுவதே அறிவுடைமை.