வண்டி ஓடட்டும், ராசா

மேலகரம், தென்காசி
ஆடி மாதம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவன் வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடு. ஆச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. போன வாரம் குற்றாலம் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டியதால் யாரையும் குளிக்க விடவில்லை. வந்த கூட்டம் தூர நின்று பார்த்துவிட்டு, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு திரும்பியது.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போனில் பார்த்தால் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. பருப்புப் பொடி தீர்ந்துவிட்டால் கூச்சப்படாமல் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவின் ஃபியட்டை ‘விண்டேஜ்’ என்று பதிந்து, பளபளவென்று பெயின்ட் அடித்து, முன்வாசல் ஷெட்டில் நிறுத்திவிடலாம் என்று உங்கப்பாவிடம் சொன்னாயாமே. ஏலே, அதை என்னிடம் நேரே சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? கோபம் வந்தது, ராசா. ஆசையில்தான் சொல்லியிருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன், கேள்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி பதிந்துவிட்டால் கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் எடுக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது. அபூர்வமான வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல விதிதான். நம்முடையது 1972 மாடல், வயது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆச்சியை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? இலஞ்சிக் குமாரர் கோயிலில் ஒரு கல்யாணம் என்றால் எதில் போவது? அலங்காரமாக நிற்கட்டும் என்றா அந்தக் காரைச் செய்தார்கள்?

யார் செய்தார்கள் என்று உனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். நீ படிக்கிற அதே டூரின் பாலிடெக்னிக்கில் 1927-இல் பட்டம் வாங்கியவர் தாந்தே ஜகோசா. 1936-இல் வந்த முதல் ஃபியட் 500 அவர் கைவேலை. 569 சிசி என்ஜின், இரண்டு பேர் உட்காரலாம். அடுத்த வருஷமே 1089 சிசியில் 1100 வந்தது. பிறகு யுத்தம் வந்து நாடு நொடித்துப்போய், ஜனங்கள் ஸ்கூட்டரில் குடும்பத்தோடு நனைந்துகொண்டு போன காலத்தில், அவர்களுக்காக 1957-இல் அவர் செய்த புது 500-தான் உன் அறைக்குக் கீழே நிற்கிறதாக நீ படம் அனுப்பிய மஞ்சள் கார். மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம். பின்னால் 479 சிசியில் இரண்டு சிலிண்டர் என்ஜின். ரேடியேட்டர் கிடையாது, காற்றே குளிரவைக்கும். 1975 வரை 35 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கையில் கொஞ்சம் காசு உள்ளவனும் பெண்டாட்டி பிள்ளைகளோடு நனையாமல் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணத்துக்கு அவ்வளவு பேர் ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

அந்த எண்ணம் நம்மிடம் 1100 ஆக வந்து சேர்ந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் முதலில் அமெரிக்கக் கார்களை அசெம்பிள் செய்தது, ஐம்பதுகளில் ஃபியட்டுக்கு மாறியது. 1964-இல் அறிமுகமான 1100 டிலைட் ரகம்தான் நம் வீட்டில் நிற்பது. 1974-இலிருந்து அதே கார் பிரீமியர் பத்மினி. இத்தாலியில் 1100-ஐ 1969-லேயே நிறுத்திவிட்டார்கள், குர்லாவிலோ அந்த நூற்றாண்டு முடியும்வரை செய்தார்கள். நீ ‘பண்ணையாரும் பத்மினியும்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து அழுதாயே, அந்தப் பத்மினியும் நம் வண்டியும் உடம்பால் ஒன்று.

எல்லாமே பெருமை என்று சொல்ல மாட்டேன். லைசென்ஸ், கோட்டா என்று கட்டிவைத்திருந்த காலம் அது. அம்பாசிடர், ஃபியட், மெட்ராஸ் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான் கடை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போட்டி இல்லாததால் காரைத் திருத்தவும் யாருக்கும் அவசரமில்லை. தாத்தாவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. செங்கோட்டை மரக்கடையில் லாபம் வந்த ஒரு வருஷம், புனலூர்க்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கி, ஆரியங்காவு வழியாக அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். 1983-இல் மாருதி வந்ததும் ஊரில் பலர் ஃபியட்டைத் தள்ளிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாருதி சொன்னதும் கிளம்பியது.

நம் வண்டிக்குப் பக்குவம் வேண்டும். சாரல் அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகாது. கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து மாட்டினால் கிளம்பிவிடும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதனால் முன்னால் போகிற பஸ்ஸுக்கு நிறைய இடம் விட வேண்டும். புளியரை வளைவுகளில் சூடு காட்டும் ஊசி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும், கொதிப்பதற்கு முன்பே ஓரங்கட்ட வேண்டும், சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. இதெல்லாம் தாத்தா எனக்குச் சொல்லித் தந்தவை. பெண்பிள்ளைக்கு எதற்கு டிரைவிங் என்று தெருவே கேட்டபோது, என்னை முன்சீட்டில் உட்காரவைத்து ஸ்டியரிங்கோடு இருக்கிற அந்தக் கை கியரைப் போடப் பழக்கினார். அந்த வண்டி எனக்கு என்ன என்று இதற்குமேல் எப்படிச் சொல்ல?

இப்போது என் மனதில் கிடக்கிற கவலையைச் சொல்கிறேன். அந்த 1089 சிசி என்ஜின் அறுபது வருஷத்துக்கு மேல் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் பத்மினி சாமான்கள் பலவும் நம் வண்டிக்குச் சேர்கின்றன, நம்ம மெக்கானிக் அண்ணாச்சி சத்தத்தைக் கேட்டே பாயிண்ட் இடைவெளியைச் சொல்கிறார். அவருக்கும் வயதாகிவிட்டது. அவர் மகன் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிற கார்களைத்தான் தொடுகிறான். மும்பையில் 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸிகள் நின்றுவிட்டன. டாக்ஸிகள் ஓடியதால் சாமான் செய்தவர்கள் இனி எத்தனை நாள் செய்வார்கள்? ஓடுகிற வண்டி இருந்தால்தான் அண்ணாச்சி மாதிரி ஆட்களுக்கு வேலை, அந்த வேலை இருந்தால்தான் அடுத்தவனுக்குக் கை பழகும். நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று நீ படிக்கிற படிப்புக்குத் தெரியாததா? கார்பரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், வீல் சிலிண்டரில் ரப்பர் கப் ஒட்டிக்கொள்ளும், டேங்க் உள்ளே துரு ஏறும். வெளியே பெயின்ட் மட்டும் மினுங்கும்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், நீ மனம் வருந்தக் கூடாது. எனக்கும் முட்டி சரியில்லை, கிளட்சை மிதித்தால் இரவு முழுக்க வலிக்கிறது. ஆர்.சி.யை உன் தங்கச்சி பேருக்கு மாற்றப் போகிறேன். நான் பக்கத்தில் உட்கார, அவளே பழைய குற்றாலம் வரை ஓட்டிவந்தாள். கியர் ஒரு இடத்தில்கூடக் கத்தவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றி மாட்டத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கிற வேலையையும் ஏற்றுக்கொண்டாள். மூத்தவன் இருக்க இளையவளுக்கா என்று நினைக்காதே. யார் ஓட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் அது சேரவேண்டும். தாத்தா இருந்தாலும் இதைத்தான் செய்வார்.

உனக்கும் பங்கு இருக்கிறது. கதவுக் கண்ணாடி ரப்பர் பீடிங் வெடித்து, மழை உள்ளே வடிகிறது. இத்தாலியில் பழைய 1100 வைத்திருப்பவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்து, நான்கு கதவுக்கும் வாங்கி வை. லிங்கோட்டோவில் ஃபியட் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தைப் போய்ப் பார். 1923-இல் திறந்தது, கூரைமேலேயே கார் ஓட்டிப் பார்த்த பாதை இருக்கிறது. அந்தக் காலத்தில் கீழே இரும்பாக நுழைந்தது ஒவ்வொரு மாடியாக ஏறி, உச்சியில் காராக வெளியே வந்ததாம். நன்றாகப் பார்த்து எனக்கு எழுது, போனில் பேசித் தீர்த்துவிடாதே.

அடுத்த சாரலுக்கு லீவு போட்டுவிட்டு வா. தங்கச்சி உனக்குக் கை கியர் சொல்லித் தருவாள், அவளிடம் கற்றுக்கொள்ள வெட்கப்படாதே. பீடிங்கை மறந்துவிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை