ஏரிகளுக்காகப் பேசிய அயர்லாந்துக்காரர்

எட்மண்ட் பர்க்கைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் அவர் பழமையின் காவலர். 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதி, இன்றுவரை பழமைவாதிகளுக்கு ஆசானாக விளங்குபவர். மற்றதில் அவர் எளியவர்களின் வழக்கறிஞர். அமெரிக்கக் குடியேற்றங்களுக்காகவும் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்காகவும் வாதாடியவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர். இளமையில் முற்போக்காளராக இருந்தவர் முதுமையில் மனம் மாறிவிட்டார் என்று சொல்லி இரண்டையும் ஒட்டவைப்பார்கள். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. புரட்சியைத் தாக்கும் நூல் வெளிவந்தபோது ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையும் நடந்துகொண்டுதான் இருந்தது. என் பார்வையில் பர்க்கிடம் இருந்தது ஒரே கொள்கைதான்: முன்னோர் கட்டியதைப் பின்னோருக்குச் சேரவிடாமல் அறுத்தெறிய எந்த அதிகாரத்துக்கும் உரிமை இல்லை. அந்தக் கொள்கை மிகத் துலக்கமாக வெளிப்பட்டது பாரிஸைப் பற்றிய நூலில் அல்ல, நம் ஏரிகளைப் பற்றி அவர் பேசிய பேச்சில்.

அந்தக் கொள்கையின் வேர் அயர்லாந்தில் இருக்கிறது. பர்க் 1729இல் டப்ளினில் பிறந்தார். தந்தை அரசுத் திருச்சபையைச் சேர்ந்த வழக்கறிஞர். தாய் மேரி நேகிள் கார்க் பகுதியின் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். சிறுவயதில் சில காலம் தாய்வழி உறவினர்களோடு அங்கே வளர்ந்தார். கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது, 31 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கும் எடுக்கக் கூடாது, பள்ளி நடத்தக் கூடாது, வாக்களிக்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. இவற்றுள் மிகக் கொடியது வாரிசுச் சட்டம். தந்தையின் நிலம் மகன்களிடையே துண்டாடப்படும். மூத்தவன் மட்டும் மதம் மாறினால் முழுச் சொத்துக்கும் அவன் உரியவனாவான், தந்தை உயிர் உள்ளவரை அனுபவிப்பவராக மட்டும் சுருங்கிப்போவார். மகனைத் தந்தைக்கு எதிராகத் திருப்ப அரசே ஏற்பாடு செய்த சட்டம் இது. 1760களில் இச்சட்டங்களைப் பற்றி பர்க் எழுதத் தொடங்கிய கட்டுரை முற்றுப்பெறவில்லை. அவர் மறைந்த பிறகுதான் அச்சேறியது. ஒரு மக்கள்கூட்டத்தின் பெரும்பகுதிக்கு எதிராகச் செய்யப்படும் சட்டம் சட்டமே ஆகாது என்ற வாதத்தை அதில் காணலாம். நாடாளுமன்றத்துக்குள் நுழையும் முன்பே அவருக்குள் இது முடிவாகிவிட்டது.

1765இல் பிரதமர் ராக்கிங்ஹாம் பிரபுவின் செயலராகி, அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1774இல் பிரிஸ்டல் அவரைத் தேர்ந்தெடுத்தது. தொகுதிக்குத் தரவேண்டியது தன் சுயமான தீர்ப்பே, கீழ்ப்படிதல் அல்ல என்று அந்த வாக்காளர்களிடமே சொன்னார். அயர்லாந்தின் வணிகத்துக்கும் கத்தோலிக்கருக்கும் ஆதரவாக நின்றதற்கு விலையாக 1780இல் அந்தத் தொகுதியை இழந்தார். அடுத்த ஆண்டு இந்திய விவகாரங்களை ஆராயும் தேர்வுக் குழுவில் இடம்பெற்றார். பிறகு வாழ்நாள் முழுதும் இந்தியா அவரை விடவில்லை. அவர் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை.

அங்கிருந்தே அவர் கண்ட ஆற்காட்டுச் சீமையின் நிலை இது. சேப்பாக்கத்து அரண்மனையில் வாழ்ந்த நவாப் முகமது அலி வாலாஜா, கம்பெனியின் படைச் செலவுக்காகவும் தன் ஆடம்பரத்துக்காகவும், கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடுவட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக எழுதிக் கொடுத்தது கிராமங்களின் வரி வருவாய். சொற்பச் சம்பளத்துக்கு மதராஸ் வந்த பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் லட்சக்கணக்கான பவுன் தங்களுக்கு வரவேண்டும் என்று கணக்குக் காட்டினார்கள். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சையைப் பிடித்து மன்னர் துளஜாவைச் சிறைவைத்தார். தஞ்சையின் விளைச்சலும் கடன்காரர்களின் கைக்குப் போனது. 1776இல் ஆளுநர் பிகட் துளஜாவுக்கு நாட்டைத் திருப்பித் தந்தபோது, அவருடைய ஆலோசனை சபையினரே அவரைக் கைதுசெய்தார்கள். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். கடன்களின் நியாயத்தை ஆராய வேண்டும் என்று 1784ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், லண்டனில் கம்பெனியை மேற்பார்வையிட்ட டண்டாஸின் கட்டுப்பாட்டு வாரியம் எதையும் ஆராயாமல் எல்லாவற்றையும் ஏற்றது. ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. ஹைதர் அலியின் 1780ஆம் ஆண்டுப் படையெடுப்பில் எரிந்து, பஞ்சத்தில் வற்றிய சீமையிலிருந்து அந்தப் பணம் போகவேண்டும்.

இந்தக் கடன்களைப் பற்றிய தீர்மானம் ஒன்றின் மீது 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் பர்க் பேசினார். அந்த உரையில் ஹைதரின் படையெடுப்பை வர்ணிக்கும் பகுதிதான் புகழ்பெற்றது. என்னை நிறுத்திவைப்பது அதையடுத்து வரும் ஏரிகளின் பகுதி. வற்றாத ஆறுகள் குறைந்த இந்தச் சீமை மழைநீரைத் தேக்கித்தான் பிழைக்கிறது என்பதை விளக்குகிறார். கம்பெனியின் ஜாகீராக இருந்த செங்கல்பட்டுப் பகுதியின் நில அளவை வரைபடத்தைச் சான்று காட்டுகிறார். பெரியதும் நடுத்தரமுமான ஏரிகளே கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமையிலும் தஞ்சையிலும் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். அவற்றை வெட்டியவர்கள் மக்களுக்குத் தந்தையராக வாழ்ந்த உண்மையான அரசர்கள், தங்கள் ஆயுளுக்கு அப்பால் வரப்போகும் தலைமுறைகளையும் தம் மக்களாகவே எண்ணியவர்கள் என்பது அவர் வாதம். உடைந்த கரைகளைக் கட்டவும் உழவனுக்கு மூச்சுவிட அவகாசம் தரவும் போகவேண்டிய பணம் வட்டிக்காரர்களுக்குப் போகிறது என்பதே குற்றச்சாட்டு. சமுதாயம் என்பது மறைந்தோரும் இருப்போரும் பிறக்கப்போவோரும் சேர்ந்த கூட்டு என்று ஐந்தாண்டுக்குப் பின் புரட்சி நூலில் எழுதினார். அங்கே தத்துவமாக வருவது இங்கே கலங்கலும் மதகுமாகக் கண்முன் நிற்கிறது. அயர்லாந்துத் தந்தையிடமிருந்து மகனைப் பிரித்த சட்டமும், ஏரி வெட்டியவரிடமிருந்து அதன் நீரைப் பாய்ச்சவேண்டிய உழவனைப் பிரித்த கடன்பத்திரமும் அவருக்கு ஒரே அநீதியின் இரு வடிவங்கள். அன்று தீர்மானம் தோற்றது. 1801இல் கர்நாடகத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்ட பிறகு, நவாப்பின் மீது மேலும் குவிந்திருந்த கடன் உரிமைகளை ஆணையர்கள் ஆராய்ந்து மிகப்பெரும் பகுதியைச் செல்லாது என்று தள்ளினார்கள். ஆராயச் சொன்ன பர்க் அப்போது உயிரோடு இல்லை.

இதற்குக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. பர்க்கின் உறவினராகக் கருதப்பட்டவரும் உற்ற நண்பருமான வில்லியம் பர்க், கம்பெனிப் பங்குச் சூதாட்டத்தில் நொடித்துப்போய், 1777இல் மதராஸ் வந்து தஞ்சை மன்னரின் முகவரானார். நவாப்பின் கடன்காரர்கள் தஞ்சைக்குப் பகைவர்கள். எனவே பர்க் பேசியது குடும்ப நலன் என்பார்கள். தொடர்பு உண்மை, அதை மறைக்கக் கூடாது. தஞ்சை அரசைப் பற்றி அவர் தீட்டிய சித்திரம் மெருகேறியதற்கும் அது காரணமாக இருக்கலாம். ஆனால் 1788 முதல் 1795 வரை ஹேஸ்டிங்ஸ் விசாரணையில் அவர் பேசியது வங்காளத்தையும் காசியையும் அவத்தையும் பற்றி. தஞ்சை மன்னருக்கு அதனால் ஒரு வராகன்கூட இல்லை. பர்க்குக்குக் கிடைத்தவை ஏளனமும் தனிமையும். தன்னலம் ஒருவரை வாசல்வரை கொண்டுவந்திருக்கலாம். பதினான்கு ஆண்டு உழைப்பை அது விளக்காது.

இன்னொரு மறுப்புக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பிரான்சின் அரசிக்காக உருகியவர், அதே நாட்டில் துன்புற்றவர்களைப் பார்க்கவில்லை என்று தாமஸ் பெயின் அன்றே தாக்கினார். அது சரியான அடி. பழைய அமைப்பே உழவனைச் சுரண்டும்போது அதைக் காக்கச் சொல்வது, பென்ஃபீல்டின் பத்திரத்தைக் காக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். தன் அளவுகோலை பிரான்சில் அவர் தவறாக வைத்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் அது அதே அளவுகோல். கம்பெனி வெளியேற வேண்டும் என்றும் அவர் கேட்டதில்லை. ஆட்சி ஓர் அறக்கட்டளைப் பொறுப்பு, கணக்குக் கேட்கப்பட வேண்டியது என்பதோடு நின்றார். அந்த எல்லையைச் சுட்டுவது நியாயமே. எனினும் ஆளப்பட்டவர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்ற பேச்சே அன்றைய லண்டனில் அரிது.

1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார். முந்தைய ஆண்டே எஞ்சியிருந்த ஒரே மகனை இழந்திருந்த பர்க், 1797இல் பீகன்ஸ்ஃபீல்டில் இறந்தார். இறப்பதற்கு ஓராண்டு முன் நண்பர் பிரெஞ்ச் லாரன்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தான் சொன்னதும் செய்ததும் எழுதியதும் எல்லாம் மறக்கப்படட்டும், இந்தியாவுக்காக எடுத்த முயற்சி மட்டும் தன் நினைவுச்சின்னமாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஐரோப்பா முழுவதும் விற்றுத் தீர்ந்த புரட்சி நூலுக்கு அந்த விதிவிலக்கில் அவர் இடம் கேட்கவில்லை.