மூக்கைப் பிடித்த கதை

நாகப்பட்டினம்
பங்குனி 14

அன்புள்ள வசந்தி,

நீ போனில் கேட்ட கேள்வி மூன்று நாளாக எனக்குக் கை எட்டாத இடத்தில் அரித்துக்கொண்டே இருக்கிறது. "ஹிந்தி பிராத்மிக்கோடு நின்றது. வீணை சரளி வரிசையோடு மூலைக்குப் போனது. மாடித் தோட்டத்தில் கத்தரி பூ விடுவதற்குள் நீ மாடிக்குப் போவதை நிறுத்தினாய். இந்தக் கனவுப் பைத்தியம் மட்டும் எப்படிடி இன்னும் ஓடுகிறது?" என்று கேட்டாய். அப்போது பதில் சொல்லவில்லை. அத்தை ஹாலில் சீரியலின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆரம்பம் உனக்குப் பாதிதான் தெரியும். பொங்கலுக்கு யாழினி விடுதியிலிருந்து வந்திருந்தாள். சைக்காலஜி இரண்டாம் வருஷம், வீட்டில் எல்லோரையும் பரிசோதனைக் கூடத்து எலி மாதிரி பார்க்கிற பருவம். திண்ணையில் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டே, "அம்மா, கனவு ஓடிட்டு இருக்கும்போதே இது கனவுன்னு நமக்குத் தெரியும். தெரிஞ்சிட்டா இஷ்டத்துக்குப் பறக்கலாம். லூசிட் டிரீம்னு பேரு" என்றாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "லூசு டிரீமா? அதுக்கு உங்கம்மா தனியாப் படிக்கணுமாக்கும்" என்றார். அன்று ராத்திரியே தொடங்கிவிட்டேன். வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீம்பு ஒரு வாரத்துக்குமேல் விளக்கு எரிக்காது.

முதல் வேலை நோட்டு. தலையணைக்கு அடியில் ஒரு 80 பக்க நோட்டும் நூலில் கட்டிய பென்சிலும். விழிப்பு வந்ததும் அசையக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. எங்கே இருந்தேன், கூட யார் இருந்தார்கள் என்று வாலைப் பிடித்து மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். புரண்டு படுத்தால் போச்சு. பால்காரர் மணியடித்தால் போச்சு. கேட்க எளிது. என் நோட்டின் முதல் பக்கங்களைப் பார்த்தால் நீ சிரித்துச் சாவாய். "நாள் 3: ஒன்றுமில்லை. நாள் 4: படிக்கட்டு. நாள் 6: யாரோ அழுதார்கள், தேங்காய்." தேங்காய் ஏன் வந்தது, அழுதது யார், தேங்காய்க்காகவா அழுதார்கள், ஒன்றும் தெரியாது.

மூன்றாவது வாரம் திடீரென்று மடை திறந்தது. ஒரே காலையில் இரண்டரைப் பக்கம். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் வார்டன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்துகிறார். நான் ஓடிப்போய் ஏறுகிற பஸ்ஸில் டிரைவர் சீட்டில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா. டிக்கெட்டுக்குப் பதில் முருங்கைக்காய் கிழித்துக் கொடுக்கிறார். இதையெல்லாம் 47 வருஷமாக ராத்திரிதோறும் இலவசமாகப் பார்த்துவிட்டு, காலையில் பல் தேய்க்கும்போது துப்பிக்கொண்டிருந்திருக்கிறேனே வசந்தி! உன் கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது. கனவுக்குள் விழிக்கிறது மாதச் சம்பளம் மாதிரி, எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. நோட்டு தினக்கூலி. வீணை எனக்குத் தினக்கூலி கொடுக்கவே இல்லை. விரலில் காய்ப்புத்தான் கொடுத்தது.

இரண்டாவது வேலையில்தான் மானம் போனது. பகலில் பத்துத் தடவையாவது 'இது கனவா, நிஜமா' என்று உண்மையாகவே சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் தொற்றிக்கொள்ளும் என்பது கணக்கு. சோதிக்கச் சுலபமான வழி, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுப்பது. நிஜத்தில் வராது, கனவில் பெரும்பாலும் வந்துவிடும், ஏனென்றால் படுக்கையில் இருக்கிற உன் நிஜ மூக்கை யாரும் பிடிக்கவில்லை அல்லவா! சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. கனவில் விளக்கு எரிய அடம்பிடிக்கும் என்று கீத் ஹெர்ன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1981லேயே எழுதியிருக்கிறார். எங்கள் தெருவில் விழித்திருக்கும்போதே அப்படித்தான் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

ஆக, மூக்கு. ஒரு திங்கள்கிழமை காலை டவுன் பஸ்ஸில், உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் பிடித்தேன். பக்கத்தில் அன்னக்கூடையைக் காலுக்கிடையில் வைத்தபடி மீன்காரம்மா. அது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. "ஏன் டீச்சர், என் கிழங்கான் அவ்வளவு நாறுதா? அதைத்தானே ஞாயித்துக்கிழமை நாலு கூறு வாங்கிட்டுப் போனீங்க?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டது. "இல்லம்மா, இது கனவான்னு பார்த்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? அதன்பின் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அந்த அம்மா என்னிடம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், பாவம், கண்டக்டரிடம் "டீச்சரைப் பார்த்து இறக்கி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. இப்போது மூக்கை விட்டுவிட்டேன். பஸ் போர்டை ஒருதரம் படித்து, பார்வையைத் திருப்பி, மறுபடி படிக்கிறேன். கனவில் எழுத்து அதே இடத்தில் நிற்காதாம்.

மூன்றாவது வேலை ராத்திரியைப் பிளப்பது. இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, பொறுமையாகக் கேள். தூக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, மூடிய இமைக்குள் விழி உருளுகிற கட்டம் வருகிறது. நல்ல கனவுகளெல்லாம் பெரும்பாலும் அதில்தான். முன்னிரவில் அது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். விடியல் நெருங்க நெருங்க நீளும். விடியக்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, பலிக்குமோ இல்லையோ, நினைவில் நிற்கிற நீளமான கனவு அப்போதுதான் வரும் என்பதில் அவர்கள் தப்பே இல்லை. அதனால் ஐந்து மணி நேரம் தூங்கி, அலாரம் வைத்து எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, 'அடுத்த தடவை கனவு வந்தால் அது கனவு என்று நினைவு வரணும்' என்று சொல்லிக்கொண்டே திரும்பப் படுக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்த வழி. மந்திரம் மாதிரி முணுமுணுத்தால் போதாது. திரும்பி வரும்போது டெய்லரிடம் ஜாக்கெட் வாங்கணும் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொள்வோமே, அந்த மாதிரி முடிச்சு.

வார நாளில் இதைச் செய்து நான் பட்ட பாட்டை அத்தையைக் கேள். ரசத்தில் இரண்டு தடவை உப்பு. எட்டாம் வகுப்பில் வருகை எடுக்கும்போது நானே கண்ணசந்தேன். ஒரு நாள் திரும்பப் படுத்தபோது உடம்பு கட்டிப்போட்ட மாதிரி ஆகி, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி, கத்த வாய் வரவில்லை. நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதேதான். யாழினியிடம் போனில் அழுதேன். அவள் துளிகூட அசராமல், "கனவு காணும்போது நீ நிஜமாவே எழுந்து ஓடிடாம இருக்க உடம்பு தசையெல்லாம் பூட்டிக்கும்மா. மூளை முன்னாடி முழிச்சுக்கிச்சு, பூட்டு திறக்க லேட்டாயிடுச்சு. அவ்வளவுதான்" என்றாள். அதிலிருந்து சனிக்கிழமை ராத்திரி மட்டும் அலாரம். மற்ற நாள் நிம்மதியான தூக்கம். தூக்கத்தை அடகு வைத்துக் கனவு வாங்குகிற வியாபாரம் எனக்குக் கட்டாது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுவார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தப் பூட்டில் விழிக்கு விதிவிலக்கு. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வொர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடியே, முன்பே பேசி வைத்த மாதிரி விழியை இடதும் வலதுமாக உருட்டிக் காட்டினார். ஹெர்ன் வைத்திருந்த கருவி அதைக் கோடு கோடாகக் காகிதத்தில் வரைந்தது. லபெர்ஜ் அது தெரியாமலே அமெரிக்காவில் அதே சோதனையைச் செய்தார். பெரிய பத்திரிகைகள் திருப்பியனுப்பி, கடைசியில் 1981இல்தான் அவர் கட்டுரை அச்சானது. இதை நான் வீட்டுக்காரரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி வைக்காமல் நிறுத்தி, முழுதாகச் சொன்னேன். அதிலிருந்து 'லூசு' கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இவ்வளவு செய்தும், நாற்பது ராத்திரி தாண்டி, பூஜ்யம். நோட்டைப் பரணில் போட்டுவிட்டேன். மூன்று நாள் எழுதவில்லை. உனக்கும் சொல்லவில்லை, நீ "பார்த்தியா" என்பாய் என்று.

திரும்ப எடுக்க வைத்தவர் ஒரு பிரெஞ்சுப் பிரபு. எர்வே த சேன் தெனி. சீன மொழிப் பண்டிதர். 13 வயதிலேயே கனவை எழுதி வைக்க ஆரம்பித்தவர். 1867இல் கனவை நடத்திச் செல்லும் வழிகளைப் பற்றிப் புத்தகம் போட்டார், அதுவும் தன் பேர் இல்லாமல். மனுஷன் செய்த வேலையைக் கேள். நடன விருந்துகளில் ஒரு பெண்ணோடு ஆடும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட மெட்டு, இன்னொரு பெண்ணோடு ஆடும்போது வேறொரு மெட்டு வாசிக்கும்படி வாத்தியக்காரரிடம் சொல்லி வைத்தார். பிறகு தூங்கும்போது அந்த மெட்டு வாசிக்கிற இசைப்பெட்டியை ஓட விட்டார். எந்த மெட்டோ அந்தப் பெண் கனவில் வந்தாள்! பேர் போடாத காரணம் இப்போது உனக்கும் புரிந்திருக்கும், எனக்கும் புரிகிறது. ஆனால் நான் பிடித்துக்கொண்டது அதை அல்ல. இவ்வளவு கில்லாடியான ஆளுக்கு, கனவில் முதல்முறையாக விழிப்பு வந்தது நோட்டு எழுத ஆரம்பித்து 207ஆவது ராத்திரி. இருநூற்று ஏழு! நான் 41இல் மூட்டை கட்டினேன். ஒன்றேகால் வருஷத்துக்கெல்லாம் அவருக்கு ஏறக்குறைய தினமும் வந்ததாம்.

யாழினி இன்னொரு கணக்கும் சொன்னாள். ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி என்பவர் நடத்திய ஆய்வு, 2017இல் வெளியானது. பகல் சோதனை, நடுராத்திரி விழிப்பு, மனசில் முடிச்சு, மூன்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கே ஒரு வாரத்தில் நூறு ராத்திரிக்கு 17தான் பலித்ததாம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை செய்கிற நான் யாரிடம் கோபித்துக்கொள்வது?

பரணிலிருந்து நோட்டை இறக்கும்போது அத்தை பிடித்துவிட்டார். முதல்தரம் எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "இதுக்கா நோட்டு? சின்னப் புள்ளையிலேருந்து எனக்குக் கெட்ட கனா வந்தா, 'அடி, இது கனா, போதும் எந்திரி'ன்னு உள்ளேயே சொல்லிட்டு எந்திரிச்சிடுவேனே" என்றார். நான் ஸ்டூலிலிருந்து விழாத குறை. "பறந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முந்தி வாய்க்கா மேல நெறைய தடவை. அப்புறம் எங்க நேரம்?" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நூற்றுக்கு 55 பேருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது இது நடந்திருக்கும் என்று 2016இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்களாம். அதில் ஒருத்தர் என் வீட்டிலேயே வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார். பொறாமை எப்படிப்பட்ட எண்ணெய் தெரியுமா? வீம்பைவிட நூறு மடங்கு எரியும். இப்போது தினமும் காலையில் காபி ஆற்றும்போதே "இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்கிறார். சொல்ல ஒன்றுமில்லை என்றால் முகம் வாடிவிடுகிறது. அவருக்காகவே நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்றால் நம்புவாயா? பத்து வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

இப்போது உனக்கும் சொல்கிறேன். போன சனிக்கிழமை, 66ஆவது ராத்திரி, வந்தது!

நம் பள்ளிக்கூடம். பரீட்சை ஹால். என் நோட்டில் பரீட்சை மட்டும் பதினொரு தடவை வந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வருவதைக் குறித்து வைத்தால் அதுவே ஒரு நாள் காட்டிக்கொடுக்கும் என்று யாழினி சொல்லியிருந்தாள். கணக்குப் பரீட்சை, எனக்கு ஹால் டிக்கெட் இல்லை, கட்டியிருப்பது யாழினி காதுகுத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டு. வினாத்தாளைப் படிக்கிறேன், முதல் கேள்வி முக்கோணம். மறுபடி படிக்கிறேன், புளியோதரை செய்முறை. அப்படியே உடம்பெல்லாம் சிலிர்த்தது. மணலின் நிறம் வரைக்கும் துல்லியம், ஜன்னல் கம்பியில் துரு, உன் இரட்டைச் சடையில் ஒரு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. இது கனவு! எழுந்து நின்று, "டீச்சர், இது கனவு. நான் பறக்கப் போறேன்" என்றேன். நம் கணக்கு டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கனவா இருந்தா என்ன? பேப்பரைக் கொடுத்துட்டுப் போ."

நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன், வசந்தி. கனவு என்று தெரிந்தும்! பிரபு நடனப் பெண்ணைக் கூப்பிட்டார். ஃபான் ஏடன் என்ற டச்சு மருத்துவர் கனவுக்குள் ஒயின் குடித்து ருசி பார்த்தார், 1913இல் அதைக் கட்டுரையாக எழுதியும் வைத்தார். நான் மட்டும் புளிக்கு எத்தனை உருண்டை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பத்து வினாடி இருக்கும். அதற்குள் விழிப்பு வந்துவிட்டது. இப்படி ஆட்டம் கண்டால் கனவுக்குள்ளேயே இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டால் கொஞ்சம் நீடிக்குமாம். அடுத்த தடவை தேய்க்கிறேன்.

அத்தையிடம் சொன்னேன். இருபது நிமிஷம் சிரித்தார். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, பறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இது போகட்டும், ஒரு சந்தேகம். அந்தக் கனவில் நீ வழக்கம்போல உன் பேப்பரைச் சாய்த்து எனக்குக் காட்டினாய். புளியோதரையில் வேர்க்கடலைக்குப் பதில் கொண்டைக்கடலை என்று எழுதியிருந்தாய். நிஜமாகவே நீ அப்படித்தான் செய்கிறாயா? உடனே எழுது. அத்தைக்கும் தெரிய வேண்டுமாம்.

உன்,
சுகுணா