காய்கறி உண்டு, சைவம் இல்லை

ஜப்பானின் கறிக் கடையில் ஒரு தாய் தெரிந்துகொண்டது குழம்பின் ரகசியம் மட்டுமல்ல.

ஏழாவது ஸ்பூன் வாய்க்குள் போன பிறகுதான் அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

ஒசாகாவில் ரயில் நிலையத்தை ஒட்டிய சின்னக் கறிக் கடை அது. சுவர் முழுக்கப் படங்கள். ஒரு படத்தில் வெள்ளைச் சோறு, பக்கத்தில் பழுப்பு நிறத்தில் கெட்டியான குழம்பு, அதன் மேல் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். கீழே ஆங்கிலத்தில் ‘வெஜிடபிள் கறி’ என்று எழுதியிருந்தது. மும்பை செம்பூரிலிருந்து வந்த அந்தத் தம்பதிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான்கு நாட்களாக ரொட்டியும் வாழைப்பழமும் புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டையும்தான் ஆகாரம். கடை வாசலிலேயே மஞ்சளும் சீரகமும் கலந்த வாசனை வந்து கையைப் பிடித்து இழுத்தது. “நம்ம வீட்டு வாசனைங்க” என்றார் அம்மா.

திருநெல்வேலிப் பக்கம் சைவக் குடும்பம். அறுபத்தொரு வயதுவரை முட்டைகூட அந்த அம்மாவின் அடுப்படிக்குள் நுழைந்ததில்லை. கணவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மகன் மூன்று ஆண்டுகளாகக் கவாசாகியில் வேலை பார்க்கிறான். அவனுக்கு வார இறுதியில்தான் விடுமுறை. அதுவரை கியோத்தோ, நாரா, ஒசாகா பார்த்துவிட்டு அவனிடம் போவதாகத் திட்டம்.

தண்ணீர் ஊற்ற வந்த பையன் நேபாளத்திலிருந்து படிக்க வந்தவன். அம்மாவின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துத் தயங்கினான். பிறகு இந்தியில் மெதுவாகக் கேட்டான்: “மாதாஜி, நீங்கள் மாமிசம் சாப்பிடுவீர்களா?” இல்லை என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. காய்கறியெல்லாம் மேலே வைத்தது மட்டும்தான். கீழே இருக்கும் குழம்பு எல்லாத் தட்டுக்கும் ஒன்றுதான், அதில் மாட்டுக் கொழுப்பும் இறைச்சிச் சாறும் உண்டு என்றான்.

அம்மா ஸ்பூனைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கணவரின் தட்டு அதற்குள் காலியாகியிருந்தது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா என்றான் பையன். “வேண்டாம்பா, நீ சொன்னியே, அதுவே பெரிசு” என்று எழுந்துகொண்டார்.

ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை. தமிழில் காய்கறிக் குழம்பு என்றால் அது சைவம்தான். யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஜப்பானில் ‘யாசாய் கறி’ என்றால் காய்கறி சேர்ந்த கறி, அவ்வளவுதான். காய்கறி இருக்கிறது என்று பெயர் சொல்கிறது. மாமிசம் இல்லை என்று சொல்லவில்லை. ‘நிகு நாஷி’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் துண்டுகளை எடுத்துவிட்டு அதே குழம்பை ஊற்றக்கூடும். அதை மறுப்பாக யாரும் நினைப்பதில்லை.

அந்தக் குழம்பின் அடிப்படை ‘ரூ’ எனப்படும் கலவை. கோதுமை மாவைக் கொழுப்பில் வறுத்துக் கறிப்பொடி சேர்த்துக் கெட்டியாக்குவது. கடைகளில் சாக்லேட் கட்டிபோல அச்சில் வார்த்து விற்கிறார்கள். வெந்நீரில் கரைத்தால் குழம்பு தயார். கொழுப்பு பெரும்பாலும் மாட்டினுடையது அல்லது பன்றியினுடையது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கி.பி. 675-ல் பேரரசர் தெம்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இறைச்சிகளுக்குத் தடை போட்டார். பௌத்தம் பரவிய அந்த நாட்டில் பல நூற்றாண்டுகள் மாட்டிறைச்சி பொதுவாக விலக்கப்பட்ட பொருள். 1872-ல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்ட செய்தி வெளிவந்தது. மேல்நாட்டுப் பழக்கம் நாகரிகமானது. அதே ஆண்டு வெளியான ஒரு சமையல் புத்தகத்தில் கறி செய்முறையும் இருக்கிறது. அதில் தவளை இறைச்சி! கறி நேராக இந்தியாவிலிருந்து போகவில்லை. ஆங்கிலேயரின் கறிப்பொடி டப்பாவில் ஏறிப் போனது. கடற்படை அதை எடுத்துக்கொண்டது. 1908-ல் வந்த கடற்படைச் சமையல் நூலிலும் இடம்பெற்றது. இன்றும் ஜப்பானியக் கடற்படையில் வெள்ளிக்கிழமை கறி நாள். நாம் விரதமிருக்கும் வெள்ளிக்கிழமை!

இந்தியர் கையால் போன கறியும் ஒன்று உண்டு. 1912-ல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-ல் ஜப்பானுக்குத் தப்பினார். டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் நகமுராயா என்ற ரொட்டிக் கடைக்காரக் குடும்பம் அவரை ஒளித்துவைத்தது. அந்த வீட்டுப் பெண்ணையே மணந்தார். 1927-ல் அந்தக் கடையில் இந்தியக் கறி விற்பனைக்கு வந்தது, இவர் சொல்லிக்கொடுத்த பக்குவத்தில். அதுவும் கோழிக் கறிதான்.

ஆக, சைவருக்கு எந்தப் பக்கத்திலும் வழியில்லையா என்றால், இருக்கிறது. புத்த மடங்களில் ‘ஷோஜின்’ என்ற மரக்கறிச் சமையல் நூற்றாண்டுகளாக நடக்கிறது. அது மடத்துச் சாப்பாடு; தெருக் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளியே மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் காய்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்து இறக்கிய ‘தாஷி’ இருக்கும். மீன் கண்ணுக்குத் தெரியாததால் அங்கே அது பெரிதாகப் படுவதில்லை.

ஷின்-ஒசாகாவிலிருந்து ஷின்-யோகோஹாமாவுக்குப் புல்லட் ரயிலில் இரண்டே கால் மணி நேரம். பாதி வழி இருவரும் பேசவில்லை. பிறகு கணவர்தான் ஆரம்பித்தார். கொல்கத்தாவில் வேலை பார்த்தபோது ஒரு விருந்தில் பருப்பில் மீன் தலை கிடந்த கதையைச் சொன்னார். “தெரியாம சாப்பிட்டதுல தோஷம் இல்ல, விடு.”

“என்னைப் பத்திக் கவலை இல்லைங்க” என்றார் அம்மா. “மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை போன்ல, வெஜிடபிள் கறி சாப்பிட்டேம்மான்னு சொல்றானே. அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?”

கணவரிடம் பதில் இல்லை. தெரியாது என்றால் மூன்று ஆண்டுகளாகப் பிள்ளை ஏமாந்திருக்கிறான். தெரியும் என்றால் மூன்று ஆண்டுகளாகத் தாய் ஏமாந்திருக்கிறாள். எது தேவலை என்று அவருக்கும் புரியவில்லை. ஃபுஜி மலை வந்தபோது பெட்டியில் எல்லோரும் எழுந்து படமெடுத்தார்கள். இவர்கள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் இரவு மகன் கூட்டிப்போனதும் ஒரு கறிக் கடைக்குத்தான். அம்மா வாசலில் நின்றுவிட்டார். “உள்ள வாம்மா. இங்க தனிக் குழம்பு” என்றான். மாமிசப் பொருள் சேராத ரூவைத் தனியாக வைத்திருக்கும் கடைகள் இப்போது இருக்கின்றன. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். சோறு எத்தனை கிராம், காரம் எத்தனையாவது எண் என்பதோடு குழம்பு எது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கான பட்டியலை அவன் கேட்டு வாங்கினான். மாடு, பன்றி, கோழி என்று கட்டம் கட்டமாக எது எதில் என்ன இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. பொரித்த காய் வேண்டாம், அதே எண்ணெயில் இறைச்சியும் பொரிப்பார்கள் என்றான். சிவப்பு ஊறுகாயைத் தள்ளிவைத்தான். சிலவற்றில் மீன் சாறு சேர்ப்பதுண்டாம்.

இத்தனை விவரமும் எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. அவன்தான் சொன்னான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“முதல் ஆறு மாசம் தெரியாமதாம்மா சாப்பிட்டேன். ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். அப்புறம் நிறுத்திட்டேன். ஒன்கிட்ட சொல்ல வாய் வரல.”

அம்மா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். குழம்பு கொஞ்சம் தித்தித்தது, உப்பு போதவில்லை.

“நான் ஏழு ஸ்பூன் சாப்பிட்டேன்” என்றார். “ஒங்கப்பா முழுத் தட்டு.”

மகன் நிமிர்ந்து பார்த்தான். அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார். முதலில் சிரித்தது அம்மாதான்.

ஊர் திரும்பியதும் அந்த அம்மா தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றினார். வேறு பரிகாரம் எதுவும் செய்யவில்லை. உறவினர்கள் கேட்டால் ஜப்பானில் சாப்பாட்டுக்குக் கஷ்டம்தான் என்கிறார். ஏழு ஸ்பூன் கதையை மறைப்பதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மகனிடம் என்ன சாப்பிட்டாய் என்று இப்போதும் கேட்கிறார். அவன் என்ன சொன்னாலும் சரிப்பா என்கிறார். அவனும் இப்போது உள்ளதைச் சொல்கிறான்: சில நாள் தயிர்ச் சோறு, சில நாள் வெறும் ரொட்டி.