கானாடுகாத்தானில் ஒரு நிலைக்கதவு

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி போய், அங்கிருந்து திருச்சி சாலையில் கொஞ்ச தூரம் போனால் கானாடுகாத்தான். என் பள்ளித் தோழியின் புகுந்த வீடு அங்கேதான். "வீட்டைப் பழுது பார்க்கிறோம், ஒரு வாரம் வந்து இருடி" என்று கூப்பிட்டிருந்தாள்.

அடேயப்பா! எத்தனை கேள்விப்பட்டிருந்தாலும் செட்டிநாட்டு வீட்டை நேரில் பார்த்தால் மலைப்புத்தான். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி ஒரே நேர்கோட்டில் கதவுகள். எல்லாம் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் நகரத்தாரின் அங்கத்திய வியாபாரம் ஒடிந்தது, வீடுகள் நின்றன. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, பல வீடுகளுக்குப் பூட்டுதான் காவல்.

இந்த வீட்டில் ஒரு பகுதியை முன்பு வாடகைக்கு விட்டிருந்தார்களாம். குடியிருந்தவர்கள் பளிச்சென்று இருக்கட்டுமென்று நிலை, கதவு, தூண் எல்லாவற்றிலும் பெயின்டை அப்பிவிட்டார்கள். மேலே சாக்லேட் நிறம், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம். நிலைமேல் இருந்த கஜலட்சுமிக்கு மூக்கும் முழியும் மெழுகிப் போயிருந்தன. தேக்குக்கு எதற்கம்மா பெயின்ட்? பட்டுப்புடவைமேல் மழைக்கோட்டு போட்ட மாதிரி!

ஆட்கள் வந்து உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்க்க ஆரம்பித்தார்கள். வளவு முழுக்கப் புழுதி. தோழியின் மகள் ஆறு மாத கர்ப்பிணி. அவளுடைய ஒன்றரை வயதுப் பிள்ளை தரையில் கையை ஊன்றி, அதே கையை வாயில் வைத்துக் கொண்டிருந்தான். அவள்தான் ஓடி வந்து, "அம்மா, நிறுத்தச் சொல்லு! பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும்" என்றாள்.

"நாங்கள்லாம் இதிலே வளரலையா?" என்றார் ஆச்சி.

பெண் விடவில்லை. நம் நாட்டில் வீட்டு பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு என்றால், ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்காதவரை ஈயம் உண்டென்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தூசி சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தாயின் ரத்தம் வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். நெருப்பை ஊதிப் பெயின்டைக் கருக்கினால் புகையாகவே ஏறும். கேட்டதும் ஆச்சி மறுபேச்சுப் பேசவில்லை. பேத்தியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே காரைக்குடியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் ஒழுங்கான வேலை. காஸ்டிக் சோடா மலிவுதான். ஆனால் தேக்கைக் கறுக்க வைக்கும், கையையும் பொசுக்கும். வேண்டாமென்று பெரிய ஆசாரியே சொல்லிவிட்டார். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்கு என்-95 (துணி மாஸ்க் போதாது), கைக்கு ரப்பர் உறை. ரிமூவரின் நெடி மூடிய அறையில் ஆபத்து என்பதால் கதவைக் கழற்றி வானவாசலுக்குக் கொண்டுவந்து, தடிப்பாகப் பூசினார்கள். கால் மணியில் பெயின்ட் ஆறிய பால் ஆடை மாதிரி சுருங்கி எழும்பியது. மழுங்கிய தகட்டால் மரத்தின் ரேகையோடு தள்ளினால் மூன்று நிறமும் ஒன்றாக வழித்துக்கொண்டு வந்ததே, அதைப் பார்க்க வேண்டும்! செதுக்கு வேலைக்கு இரும்பே கூடாதாம். மூங்கில் குச்சியும் பழைய பல் பிரஷும்தான். மிச்சம் ஒட்டியதைத் தண்ணீர் தெளித்து ஈரத்தோடுதான் தேய்த்தார்கள். தரையில் விளக்குமாறு போடாமல் ஈரத் துணியால் துடைத்தோம். சுரண்டிய சக்கையை அடுப்பில் போடாமல் பையில் கட்டி வைத்தார்கள். வேலைத் துணிகளைத் தனியாகத் துவைத்தோம்.

கடைசியில் டர்பன்டைனால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

ஒரு கதவுக்கும் நிலைக்குமே ஐந்து நாள் ஆயிற்று. கஜலட்சுமியின் மூக்குத்தி வெளியே வந்தபோது தோழி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தூண்களா? அவை ஏழு பங்காளிகளுக்கும் பொது. எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறார்கள். நான் கிளம்பும்வரை இரண்டு பேர்தான் சரி என்றிருந்தார்கள்.